கரித்துண்டு அண்ணாவுக்கு நன்றி

2023 டிசம்பர் 5, மிக்ஜாம் புயல் மழை சென்னையில் கொட்டித் தீர்த்த மறுநாள். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. படகோடு வந்த அண்ணா, பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மாடியிலிருந்து ஆளாளுக்குக் கத்தினோம். நீங்கள் நிதானமாகக் கேட்டீர்கள்: "மொத்தம் எத்தனை பேரு? நடக்க முடியாதவங்க யாரு? ஆஸ்பத்திரி போக வேண்டியவங்க இருக்காங்களா?" டயாலிசிஸ் தள்ளிப்போயிருந்த அப்பாதான் முதலில் ஏறினார்.

திறந்த மேன்ஹோல் தண்ணீருக்கடியில் தெரியாதே! கழியால் தட்டிப் பார்த்தே ஒவ்வொரு அடியும் வைத்தீர்கள். கிளம்புமுன் போர்டிகோ சுவரில் கரித்துண்டால் தேதி, நேரம், '6 பேர், காலி' என்று எழுதினீர்கள். அடுத்து வரும் குழு காலி வீட்டைத் தேடி நேரத்தை இழக்கக் கூடாதாம்.

அந்தச் சுவருக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை. அப்பா விடமாட்டேன் என்கிறார். ரொம்ப நன்றி அண்ணா.