புதிய பதிப்பில் கொப்பி, பேஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை: பழைய பதிப்பைத் தாருங்கள், இல்லையேல் காசைத் திருப்பித் தாருங்கள்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

வணக்கம். உங்கள் தொலைபேசி இலக்கத்தில் யாராவது ஒருவர் நான் சொல்வதை முழுதாகக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. முறைப்பாட்டு இலக்கம் தந்தார்கள், அடுத்த முறை எடுத்தால் அந்த இலக்கமே தங்களிடம் இல்லை என்றார்கள். தமிழுக்கான எண்ணை அழுத்தினால் பாட்டு ஓடுகிறது, பாட்டு முடிந்ததும் இணைப்பு அறுந்துபோகிறது. அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரி வரை வாசியுங்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சுக் கடை நடத்துகிறேன். அப்பா அச்செழுத்துக் கோர்த்து நடத்திய கடை. இப்போது கலியாண அட்டை, சாமத்திய வீட்டு அட்டை, அந்தியேட்டி நினைவு மலர், கடைகளுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் என்று எல்லாமே உங்கள் வரைகலை மென்பொருளில்தான் செய்கிறோம். வருடா வருடம் லைசன்ஸ் காசு ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டியிருக்கிறேன். பழைய பதிப்பில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிய பதிப்புக்கு மாறச் சொன்னது நீங்கள். மாறாவிட்டால் லைசன்ஸ் புதுப்பிக்க முடியாது என்று சொன்னதும் நீங்கள். மாறிய நாளிலிருந்து கொப்பி, கட், பேஸ்ட், அன்டூ என்ற நாலு அடிப்படைக் கட்டளைகளும் நம்ப முடியாதவையாகிவிட்டன.

அதைச் சொல்லத்தான் உங்கள் உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். அன்று பின்னேரம் பேசியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று உங்கள் இயந்திரமே சொல்வதால் நீங்களே எடுத்துக் கேட்கலாம். நான் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கி அரை நிமிடம் ஆகவில்லை. அவர் குறுக்கே விழுந்து, "அக்கா, கொன்ட்ரோல் சி, கொன்ட்ரோல் வி எண்டா என்ன எண்டு தெரியுமா? வீட்டில படிச்ச பொடியன் யாராவது இருந்தா போனைக் குடுங்க, நான் அவருக்குச் சொல்லுறன்" என்றார். பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. நான் பள்ளிக்கூடம் முடித்த வருடத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவர் பிறக்கும் முன்னரே நான் கணினியில் அட்டை வடிவமைத்திருப்பேன். நான் கோபப்படாமல் மறுபடி விளக்கினேன். "விண்டோஸைப் புதிதாகப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். விண்டோஸையும் புதிதாகப் போட்டேன். அதில் என் எழுத்துருக்கள் பல போய்விட்டன, பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். உங்கள் மென்பொருள் உங்களுக்குத் தெரியும், அதனால் சுற்றிவளைக்கவில்லை.

முதலாவது, "அதே இடத்தில் ஒட்டு" கட்டளை. ஒரு கோப்பிலிருந்து கொப்பி செய்து இன்னொரு கோப்பில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால், பொருள் பக்கத்தில் முன்பு இருந்த அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். இந்தக் கட்டளை இருப்பதே அதற்காகத்தான். புதிய பதிப்பில் அது விலகி உட்காருகிறது. ஏன் என்பதையும் நானே கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்கப் பக்கத்தைச் சுற்றி விடும் கூடுதல் விளிம்புக்குப் பிளீட் என்று பெயர். அது விடாத கோப்பிலிருந்து எடுத்தால் விலகல் இல்லை. 3 மில்லிமீற்றர் பிளீட் உள்ள கோப்பிலிருந்து எடுத்துப் பிளீட் இல்லாத கோப்பில் ஒட்டினால், வலப்பக்கம் 3, கீழ்ப்பக்கம் 3 மில்லிமீற்றர் விலகுகிறது. பிளீட்டை 5 ஆக்கினால் விலகலும் 5 ஆகிறது. அதாவது ஒரு கோப்பில் பக்கத்தின் மூலையிலிருந்தும் மற்றதில் பிளீட்டின் மூலையிலிருந்தும் உங்கள் மென்பொருள் அளக்கிறது. பழைய பதிப்பு இரண்டிலும் பக்கத்தின் மூலையிலிருந்தே அளந்தது. இதைக் கண்டுபிடிக்க உங்கள் பொறியியலாளருக்குப் பத்து நிமிடம் போதும். என்னை ஏன் இத்தனை நாள் அலைய விட்டீர்கள்?

இந்த 3 மில்லிமீற்றர் எனக்கு என்ன செய்தது என்பதையும் கேளுங்கள். ஒரு கலியாண அட்டை. ஐவரி போர்டில் சிவப்பு அச்சு, அதன் மேல் தங்க ஃபொயில். ஃபொயிலை அழுத்திப் பதிக்கும் அச்சான புளொக்கைச் செய்யத் தங்கம் வரவேண்டிய பகுதிகளை மட்டும் தனிக் கோப்பில் வைத்துக் கொடுப்போம். அட்டையின் ஓரச் சட்டமும் பிள்ளையாரும் பழைய பதிப்பில் ஏற்கெனவே எடுத்து வைத்தவை. மணமக்களின் பெயர்களை மட்டும் புதிய பதிப்பில் கொப்பி செய்து "அதே இடத்தில்" ஒட்டினேன். புளொக் வந்தது. மெஷினில் சட்டத்தைச் சிவப்போடு பொருத்தினால் பெயர் விலகி நிற்கிறது. பெயரைப் பொருத்தினால் சட்டம் விலகி நிற்கிறது. பெயர்களுக்குப் பின்னால் சிவப்பு எழுத்து நிழல்போலத் துருத்திக்கொண்டு நிற்க, பொம்பிளையின் தாயார் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்தார். மலிபன் வீதியில் வாங்கிய போர்ட் முழுவதும் குப்பை. புளொக் காசு போனது. முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் இரவிரவாக எல்லாவற்றையும் மறுபடி என் செலவில் அடித்துக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை என் கடையின் பெயர் போய்விட்டது. தலைமுறையாகச் சேர்த்த பெயர் அது. அதற்கு எந்த பில்லில் விலை போடுவது?

இரண்டாவது, வெக்டராக, அதாவது கோடுகளாக வரைந்து கொப்பி செய்ததை, பிட்மெப் எனப்படும் புள்ளிகளாலான படமாக ஒட்டுகிறது. கொப்பி செய்யும்போது ஒரே பொருள் கிளிப்போர்ட் என்ற கணினியின் தற்காலிக இடத்தில் பல வடிவங்களில் வைக்கப்படுகிறது என்பதை நான் வாசித்து அறிந்துகொண்டேன்: மென்பொருளின் சொந்த வடிவம், பொதுவான வெக்டர் வடிவம், பிட்மெப் படம், வெறும் எழுத்து. ஒட்டும்போது இவற்றில் சிறந்ததை எடுக்க வேண்டும். உங்கள் புதிய பதிப்பு முதல் கோப்பைத் திறந்தே வைத்திருந்தால் சரியானதை எடுக்கிறது. முதல் கோப்பை மூடிவிட்டு ஒட்டினால் பிட்மெப்பைத் தருகிறது. "சிறப்பு ஒட்டு" பட்டியலைத் திறந்து பார்த்தால் சொந்த வடிவம் அங்கே இல்லவே இல்லை. விண்டோஸில் ஒரு மென்பொருள் தரவை உடனே கொடுக்காமல் "கேட்கும்போது தருகிறேன்" என்று அறிவித்து வைக்கலாம், ஆனால் மூடப்படும் முன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் மென்பொருள் கோப்பை மூடும்போது கொடுக்காமலே விட்டுவிடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்குக் கோடு வேண்டும், படம் அதற்கு உதவாது. ஒரு பேக்கரியின் பெயர்ப்பலகை வேலை இதனால் கைவிட்டுப் போனது.

இதற்கு உங்கள் மின்னஞ்சல் பிரிவு தந்த பதிலைப் பாருங்கள். விண்டோஸ் விசையோடு வி அழுத்திக் கிளிப்போர்ட் வரலாற்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். விண்டோஸ் 10-க்கு 2018 ஒக்டோபர் மேம்படுத்தலுடன் வந்த வசதி அது. எழுத்து, எச்டிஎம்எல் என்ற இணையப் பக்க வடிவம், பிட்மெப் ஆகியவற்றைத்தான் வைத்திருக்கும், அதுவும் ஒவ்வொன்றும் 4 எம்பிக்குள் இருக்க வேண்டும். வெக்டரை அது வைத்துக்கொள்வதே இல்லை. வெக்டர் வரைகலை மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு இது தெரியாதா? தெரியாவிட்டால் தெரியாது, மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று எழுதலாமே. நான் மரியாதையாகக் காத்திருப்பேன்.

அப்புறம் உங்கள் சேவை நிலையத்துக்கு வரச் சொன்னீர்கள், கணினியையும் கொண்டு வரச் சொன்னீர்கள். கொட்டும் மழையில் சிபியுவைப் பொலித்தீனில் சுற்றி, த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு பம்பலப்பிட்டிக்கு வந்தேன். காலி வீதியில் வண்டி நகரவே இல்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்த நாள் அது, வாடிக்கையாளர்கள் வந்து திரும்பிப் போனார்கள். உங்கள் தொழில்நுட்பவியலாளர் என்ன செய்தார் தெரியுமா? புதிய கோப்பு ஒன்றைத் திறந்தார். ஒரு சதுரம் வரைந்தார். கொன்ட்ரோல் சி, கொன்ட்ரோல் வி. பக்கத்தில் இன்னொரு சதுரம் வந்தது. "வேலை செய்யுது தானே" என்றார். இரண்டு கோப்புகளுக்கு இடையில் செய்து பாருங்கள், பிளீட் வையுங்கள், முதல் கோப்பை மூடுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவர் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். பில்லில் "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதி, பரிசோதனைக் கட்டணமும் எடுத்துக்கொண்டார். அந்த பில்லின் பிரதி இத்துடன் இருக்கிறது. அந்தக் காசு எனக்கு முதலில் திரும்ப வேண்டும்.

தமிழ் எழுத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இப்போது எந்த வாடிக்கையாளரும் விபரத்தை வட்ஸ்அப்பில் யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில்தான் அனுப்புகிறார். அதைக் கொப்பி செய்து பழைய பதிப்பில் ஒட்டினால் அப்படியே வரும். புதிய பதிப்பில் "கொட்டாஞ்சேனை" என்று ஒட்டினால் முதல் எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. சே-யின் இரட்டைக் கொம்பும் சகரத்தைத் தாண்டி நிற்கிறது. இடையில் புள்ளி வட்டம் வேறு. அதே எழுத்தை உங்கள் மென்பொருளுக்குள்ளேயே தட்டச்சு செய்தால் சரியாக வருகிறது, ஆகவே எழுத்துருவில் பிழை இல்லை. ஒட்டும்போது மட்டும் எழுத்துகளைக் கோர்க்கும் வேலையைச் செய்யாமல் விடுகிறீர்கள். உங்கள் ஆட்கள் பாமினியில் அடிக்கச் சொன்னார்கள். பாமினி யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. ஒவ்வொரு தடவையும் மாற்றி, மாற்றியதில் பிழை பார்த்து, பிறகு ஒட்டுவதென்றால் நினைவு மலர் ஒன்றுக்கு எத்தனை பக்கம்! இறந்தவரின் பெயரைக் கொம்பு உடைந்து அச்சிட்டுக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அன்டூவும் அப்படித்தான். தவறாக ஒட்டியதை நீக்கக் கொன்ட்ரோல் இசட் அழுத்தினால் ஒட்டியதோடு அதற்கு முன் பல பொருள்களைச் சேர்த்துச் செய்த குரூப்பையும் கலைக்கிறது.

கட், கொப்பி, பேஸ்ட் ஒன்றும் நேற்று வந்த புதுமை இல்லை. 1970-களில் கலிபோர்னியாவில் செரொக்ஸ் பார்க் ஆய்வு நிலையத்தில் லரி டெஸ்லரும் டிம் மொட்டும் உருவாக்கியவை. 1983-இல் அப்பிளின் லிசா கணினியில் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவின. இசட், எக்ஸ், சி, வி என்று அருகருகே இருக்கும் அந்த நாலு விசைகளை என் இடக்கை பார்க்காமலே அழுத்தும். ஒரு மேசனுக்குக் கரண்டி எப்படியோ எனக்கு அவை அப்படி. வண்ணக்கலவையில் புதுமை செய்யுங்கள், மெனுவின் நிறத்தை மாற்றுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இந்த நாலையும் உடைத்துவிட்டு "புதிய பதிப்பு" என்று காசு வாங்குவது அநியாயம்.

நான் கேட்பது அதிகமில்லை. பழைய பதிப்பை மீண்டும் நிறுவ எனக்கு அனுமதி தாருங்கள், நீங்கள் திருத்தும் வரைக்கும் அதிலேயே வேலை செய்துகொள்கிறேன். அது முடியாதென்றால் இந்த வருட லைசன்ஸ் காசை முழுதாகத் திருப்பித் தாருங்கள். எதுவானாலும் பாழாய்ப்போன போர்ட், புளொக் செலவு, பரிசோதனைக் கட்டணம் மூன்றையும் தர வேண்டும். பில்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். விலகலைக் காட்டும் இரண்டு கோப்புகளையும் சீடியில் போட்டு அனுப்பியிருக்கிறேன், உங்கள் பொறியியலாளர் திறந்து பார்க்கட்டும். நல்ல மனதோடு தீர்த்து வைத்தால் உங்களுக்கு நன்றி சொல்லி இன்னொரு கடிதமும் எழுதுவேன்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபை. அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டுவிட்டு, இந்தக் கடிதத்தின் பிரதியோடு எழுத்தில் முறைப்பாடு கொடுப்பேன். வெளிநாட்டிலுள்ள உங்கள் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகும். புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே மென்பொருளை வைத்திருக்கும் அச்சுக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் இன்னும் புதிய பதிப்புக்கு மாறவில்லை. மாறலாமா என்று என்னிடம்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்று. முதலில் தொலைபேசியில் பேசிய அந்த உத்தியோகத்தரை வேலையால் நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரே எனக்கு அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். படித்த பொடியன் யாரையும் தேட வேண்டாம், கடை இலக்கத்தில் நான்தான் எடுப்பேன். காலை பத்து மணிக்குப் பிறகு அழைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

இணைப்பு: லைசன்ஸ் பற்றுச்சீட்டு, சேவை நிலைய பில், போர்ட் மற்றும் புளொக் பில்கள், பாழான அட்டை ஒன்று, கோப்புகள் அடங்கிய சீடி.