பந்தை விட்டவர்கள் மட்டுமா பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் 2023 பருவத்தைப் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் கால்பந்துக்குத் தமிழில் இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் மொத்தப் பழியையும், எறியப்படும் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர்கள் தலையில் கட்டிவிட்டார். அவர்கள் பந்தை விட்டது உண்மை. அவர்களால் செய்ய முடியாததை ஆட்டத்துக்கு ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்த ப்ளே காலிங்குக்கும் (பந்தை நகர்த்தும் ஒவ்வொரு முயற்சியிலும், அதாவது ஒவ்வொரு ப்ளேயிலும், என்ன செய்வது என்று பயிற்சியாளர் சொல்வது) அதில் சரிபாதி பங்கு உண்டு. அதைச் சொல்லாமல், அதே அணி அந்தப் பருவத்தின் முடிவில் எப்படிக் கோப்பையை வென்றது என்பதை விளக்கவே முடியாது.

சரிவின் அளவை முதலில் பார்ப்போம். 2022இல் 17 ஆட்டங்களில் 496 புள்ளிகள் எடுத்து லீகிலேயே முதலிடத்தில் இருந்த அணி, 2023இல் அதே 17 ஆட்டங்களில் 371 புள்ளிகள்தான் எடுத்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அதே பேட்ரிக் மஹோம்ஸ், ப்ளேக்களை அழைத்தவர் அதே பயிற்சியாளர் ஆண்டி ரீட். நட்சத்திர ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமி அணிக்கு மாற்றிக் கொடுத்தது 2022 மார்ச்சில். அவர் இல்லாமலேயே ஒரு சூப்பர் பவுலை (லீகின் இறுதிப் போட்டி) வென்றாகிவிட்டது. எனவே "ஹில் போனார், எல்லாம் போயிற்று" என்ற கட்டுரையாளரின் வாதம் நிற்காது. 2023 தொடக்கத்தில் இன்னொரு ரிசீவர் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரும் போனபின், டிராவிஸ் கெல்சியைத் தவிர மஹோம்ஸின் மனதைப் படித்து ஓடக்கூடிய ஆள் எவரும் மிஞ்சவில்லை. கெல்சிக்கு அந்தப் பருவத்தின் நடுவில் 34 வயது ஆனது.

பந்து கைநழுவுவதிலும் வகை உண்டு. செப்டம்பர் 7 அன்று லயன்ஸ் அணிக்கு எதிரான தொடக்க ஆட்டத்தில் கடேரியஸ் டோனியின் கையில் பட்டுத் தெறித்த பந்தை எதிரணியின் பிரையன் பிராஞ்ச் பிடித்து 50 யார்டு ஓடி டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) ஆக்கினார். சீஃப்ஸ் 21-20 என்று தோற்றது. அந்த ஒரு பந்தே வித்தியாசம். இத்தகைய குறுகிய பாஸில் பெரும்பாலும் தவறுவது கண்கள்தான். பந்து விரல்களுக்குள் அடங்கி அக்குளுக்குள் போகும்வரை பார்வை அதன் மேலேயே இருக்க வேண்டும். அதற்குள் முன்னால் ஓட வழி தேடித் தலையைத் திருப்பினால் பந்து எகிறும். நவம்பர் 20 அன்று ஈகிள்ஸுக்கு எதிராக மார்க்கெஸ் வால்டெஸ் ஸ்கேன்ட்லிங் விட்டது வேறு வகை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக நேரம் இருக்க, 21-17 எனப் பின்தங்கிய நிலையில், 50 யார்டுக்கு மேல் பறந்து வந்த பந்து. மார்புக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர வேண்டும்; தோளுக்கு மேலாகப் பின்னாலிருந்து வருவதற்குச் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, கைகளைக் கடைசிக் கணத்தில் மட்டும் நீட்டி இதைச் செய்வது கடினம். அந்த அழைப்பு சரியானது, டிஃபென்ஸை முழுக்க ஏமாற்றியது. அது ரிசீவரின் தவறேதான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுவதும் சீஃப்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதற்கு முந்தைய மயாமி, டென்வர் ஆட்டங்களிலும் இரண்டாம் பாதியில் பூஜ்யம். மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து இப்படி நடந்தால், கைநழுவிய ஒரு பந்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. இடைவேளைக்குப் பிறகு எதிரணி செய்த மாற்றத்துக்குப் பதில் மாற்றம் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

பிழை எங்கே என்று கேட்டால், கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒரு ப்ளே முடிந்ததும் 40 விநாடி ஓடத் தொடங்கும். பயிற்சியாளரின் குரல் மஹோம்ஸின் ஹெல்மெட்டுக்குள் கேட்பது 15 விநாடி மீதமிருக்கும் வரைதான். பிறகு ரேடியோ துண்டிக்கப்படும். இந்த 25 விநாடிக்குள் ஆள் மாற்றி, எந்த ப்ளே என்று முடிவு செய்து, சொல்லி முடிக்க வேண்டும். ரீட்டின் அழைப்புகள் நீளமானவை: வரிசை, யார் எந்தப் பக்கம் நகர்வது, பாதுகாப்பு, ரூட்டுகள் (ரிசீவர்கள் ஓட வேண்டிய பாதைகள்) என்று ஒரே மூச்சில் ஒரு பத்தி. அத்துடன் ஆறு ரிசீவர்களை மாற்றி மாற்றி உள்ளே அனுப்பினால் நேரம் கரைந்துவிடும். பந்து வைக்கப்பட்ட கோட்டுக்கு வந்து சேரும்போது ஏழெட்டு விநாடிதான் இருக்கும். முதலில் பலியாவது மோஷன். ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளேயைத் தொடங்குவது) முன் ஒருவரைக் குறுக்கே நடக்கவிட்டால், எதிராளி ஒருவர் அவர் கூடவே வருகிறாரா, இடத்தை விட்டு அசையாமல் நிற்கிறாரா என்று பார்த்து, ஆளுக்கு ஆள் காவலா மண்டலக் காவலா என்பதைக் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். நேரம் இல்லையென்றால் இந்த உளவும் இல்லை.

அடுத்தது ஆப்ஷன் ரூட். மண்டலக் காவல் என்றால் இடைவெளியில் நின்றுவிட வேண்டும். ஆள் காவல் என்றால் நிற்காமல் ஓட வேண்டும். முடிவு ரிசீவருடையது, ஓடிக்கொண்டே எடுப்பது. கெல்சியும் மஹோம்ஸும் இதைப் பல ஆண்டுகளாகச் சேர்ந்து ஆடிப் பழகியவர்கள். ஸ்கை மூருக்கோ டோனிக்கோ அந்தப் பழக்கம் கிடையாது. பந்து ஒரு பக்கம் போக ஆள் வேறு பக்கம் நின்றால், அது 'டிராப்' (பிடித்திருக்க வேண்டிய பந்தை விடுவது) கணக்கில் வராது. வெறும் தவறிய பாஸாகவோ, எதிரணி பிடித்துக்கொண்ட இன்டர்செப்ஷனாகவோ மஹோம்ஸின் பெயரில் விழும். அந்தப் பருவத்தில் அவருக்கு 14 இன்டர்செப்ஷன்கள். டிராப் என்பது லீகின் அதிகாரப்பூர்வக் கணக்கே அல்ல என்பதையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் எண்ணிக்கை மாறும். அந்த எண்ணை அச்சிடும்போது யார் எண்ணியது என்று சேர்த்துப் போட வேண்டும்.

டிசம்பர் 10 பில்ஸ் ஆட்டத்தைப் பற்றிக் கட்டுரை நடுவர்களைக் குறை சொல்கிறது. இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. கெல்சி பந்தைப் பிடித்து, பக்கவாட்டில் டோனிக்கு எறிய, அவர் ஓடி முடித்தது அற்புதமான ஆட்டம். ஆனால் ஸ்னாப்பின்போது டோனியின் கால் பந்தைத் தாண்டி நின்றது. ஆஃப்சைடு, 5 யார்டு, டச்டவுன் ரத்து; தோல்வி 20-17. நடுவர்கள் முன்கூட்டியே எச்சரிப்பது வழக்கம்தான், ஆனால் அது அவர்கள் காட்டும் சலுகை, கடமை இல்லை. ஓரத்தில் நிற்கும் ரிசீவர் கோட்டோர நடுவரை நோக்கிக் கையை நீட்டினால், அவர் சைகையில் நிலையைக் காட்டுவார். ஒரு விநாடி வேலை.

கிறிஸ்துமஸ் அன்று ரெய்டர்ஸிடம் 20-14 என்று தோற்றதில் ரிசீவர்களைவிட அழைப்பின் குற்றமே பெரிது. தங்கள் எல்லைக்கோட்டுக்கு அருகிலேயே, பந்தோடு ஓடும் வீரரான பச்செகோவுக்கு நேரடி ஸ்னாப் கொடுத்து, அவரிடமிருந்து மஹோம்ஸுக்குப் பந்தைக் கைமாற்றும் வித்தை. பந்து கீழே விழுந்தது; ரெய்டர்ஸ் வீரர் அதை எடுத்து 8 யார்டு ஓடி டச்டவுன். அடுத்த 7 விநாடிக்குள் ஒரு இன்டர்செப்ஷன், இன்னொரு டச்டவுன். சொந்த எல்லைக்கருகில் பந்து கைமாறும் தடவைகளைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கட்டுரை இரண்டே வரியில் கடந்துவிட்டது. ரீட் புது ஆட்களை வாங்கவில்லை, கேட்பதைக் குறைத்தார். டோனி பிளேஆஃபில் (பருவத்தின் இறுதியில் வரும் நாக்அவுட் சுற்றுகள்) ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. சுழற்சி குறைந்தது. இரண்டு, மூன்று டைட் எண்ட்களை (கெல்சியைப் போல எதிராளியைத் தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்கள்) நிறுத்தி பச்செகோவை ஓடவிட்டார். அறிமுக ஆண்டு வீரர் ரஷி ரைஸுக்கு நீண்ட பாஸ்களுக்குப் பதில் குறுக்கே ஓடும் குட்டை ரூட்டுகள்: பிடிப்பது எளிது, பிடித்தபின் ஓட இடம் உண்டு. உறைபனியில் நடந்த மயாமி பிளேஆஃப் ஆட்டத்தில் அவர் 8 பாஸ் பிடித்து 130 யார்டு எடுத்தார். பால்டிமோரில் கெல்சிக்கு 11 முறை எறிந்தார்கள், 11ஐயும் பிடித்தார். அதே ஆட்டத்தின் இறுதியில், எல்லோரும் ஓட்டத்தை எதிர்பார்த்திருக்க, மூன்றாம் டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது) இன்னும் 9 யார்டு தேவைப்பட்டபோது வால்டெஸ் ஸ்கேன்ட்லிங்குக்கு 32 யார்டு பாஸ். இம்முறை விடவில்லை. அரிதாகக் கேட்டால் அதே ஆள் அதையும் செய்கிறார்.

சூப்பர் பவுலை முடித்த பாஸோ வெறும் 3 யார்டு. மிகோல் ஹார்ட்மன் உள்ளே நகர்வதுபோலக் காட்டி, ஸ்னாப்பானதும் வெளியே திரும்பினார். காவலுக்கு ஆளே இல்லை. முந்தைய ஆண்டின் சூப்பர் பவுலில் டோனிக்கும் மூருக்கும் டச்டவுன் தேடித் தந்த அதே உத்திதான். டிசம்பரில் இந்தச் சிக்கனம் எங்கே போயிருந்தது என்பதே ரீட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த வரைபடத்தில் வலது பக்கம் டைட் எண்ட், அவருக்கு வெளியே ரிசீவர், இருவருமே கோட்டின் மேல் நிற்கிறார்கள். அப்படி நின்றால் வெளியே இருப்பவர்தான் வரிசையின் முனை. உள்ளே மூடப்பட்ட டைட் எண்ட் முன்னோக்கி எறியும் பாஸைப் பிடிக்கத் தகுதி இழக்கிறார், பாஸுக்காக முன்னே ஓடினாலே தண்டனை. வெளி ரிசீவரை ஒரு யார்டு பின்னால் தள்ளி வரைய வேண்டும். அப்போது கோட்டின் மேல் ஏழு பேர் இருக்கும்படி இடது ஓர ரிசீவரைக் கோட்டிலேயே நிறுத்துங்கள். தொடரின் அடுத்த பகுதியில் இந்தப் படத்தைத் திருத்தி வெளியிட்டால் புதிதாக ஆட்டம் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் இராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓவர்லேண்ட் பார்க், கான்சஸ்