லிங்க்கை எந்த டேப்பில் திறப்பது என்பதை எங்களிடம் விடுங்கள்: பிரவுசர் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரவுசர் தயாரிக்கும் எல்லா நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

ஒரு சின்ன ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை உங்கள் பிரவுசருக்குள்தான் என் பிழைப்பு. லிங்க் என்றால் என்ன, டேப் என்றால் என்ன என்று உங்களுக்கே நான் பாடம் எடுக்கப் போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எழுபது தாண்டிய ஒரு பாட்டி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தார். அவர் ஊருக்கு ஒரு நாளைக்கு நாலு நடைதான் பஸ். ஆதாரோடு சேர்த்திருக்கும் செல்போன் நம்பர் பேரனுடையது. பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது, டீ டைமில்தான் எடுப்பான். ஆக, ஓடிபி வேண்டுமென்றால் பதினொரு மணி டீக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். பதினொன்று ஐந்துக்கு அவன் ஆறு எண்களைச் சொல்ல, பாட்டி ஒவ்வொன்றாக எனக்கு உரக்கச் சொன்னார். கடை முழுக்கக் கேட்டது.

பெயர், பிறந்த தேதி, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் அடித்தாயிற்று. போட்டோவை 50 கேபிக்குச் சுருக்கி ஏற்றியாயிற்று. கடைசிப் பக்கத்தில் ‘நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு கட்டம். ‘நிபந்தனைகளை’ மட்டும் நீல நிறத்தில். டிக் போடுவதற்கு முன்னால் பாட்டிக்கு வாசித்துக் காட்டிவிடலாமே என்று அதை க்ளிக் செய்தேன். படிவம் இருந்த அதே டேப்பில் ஒரு பிடிஎஃப் வந்து உட்கார்ந்தது. பின்னால் போகும் அம்புக்குறியை அழுத்தினேன். ‘உங்கள் செஷன் முடிந்துவிட்டது. மீண்டும் உள்நுழையவும்.’

அடுத்த ஓடிபி ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில். பன்னிரண்டே முக்கால் பஸ் போய்விட்டது. வேலை முடிந்த பிறகும் நாலேகால் வரை பாட்டி என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். “பரவால்ல சாமி, ஊட்ல போய் மட்டும் என்ன பண்ணப்போறேன்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்திருந்தால் புது டேப்பில் திறந்திருக்குமே என்பீர்கள். உண்மைதான், மறந்தது என் தப்பு. ஆனால் அதே தளத்தில் ‘முகப்பு’ என்ற லிங்க் புது டேப்பில் திறக்கிறது! புது டேப்புக்குப் போக வேண்டிய இடத்தில் போகாமல், போகக் கூடாத இடத்தில் போகிறது. எது எப்படித் திறக்கும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள ஒரு அடையாளமும் கிடையாது.

இன்னொரு வகைத் தளம் இருக்கிறது. எதைத் தொட்டாலும் புது டேப். அந்த டேப்பில் பின்னால் போகும் அம்பு சாம்பல் பூத்து செத்துக் கிடக்கும், ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. என் கம்ப்யூட்டர்களில் இருப்பது 4 ஜிபி ராம்தான், நிறைய டேப் தாங்காது. சாயங்காலத்துக்குள் டேப்புகள் நாற்பதாகி, எழுத்தெல்லாம் மறைந்து வெறும் சின்னங்களாக நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒருவருடைய வருமானச் சான்றிதழ் என்று நினைத்து இன்னொருவருடையதை பிரின்ட் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறேன். அடுத்து வந்து உட்காருகிறவருக்கு முன்னால் வந்தவரின் வங்கிக் கணக்கு தெரிகிற ஆபத்தும் உண்டு.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். சாதாரண லிங்க்கை கன்ட்ரோலாலோ மவுஸின் நடுச் சக்கரத்தாலோ புது டேப்புக்குத் தள்ளிவிடலாம். தளம் செய்தவர் லிங்க்கில் ‘டார்கெட் பிளாங்க்’ (புது டேப்பில் திற என்று அர்த்தம்) என்று எழுதிவிட்டால், அதை இதே டேப்பில் திறக்க கீபோர்டில் ஒரு சாவி கிடையாது. லிங்க்கை மவுஸால் இழுத்துக்கொண்டு போய் முகவரிப் பட்டையில் போட்டால் திறக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், வித்தை காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பயர்பாக்ஸ் பிரவுசரில் ஒரு வழி இருக்கிறது. ‘அபௌட் கான்ஃபிக்’ என்ற பக்கத்துக்குப் போய், ‘கவனமாகத் தொடரவும்’ என்ற எச்சரிக்கையைத் தாண்டி, ‘ஓப்பன் நியூ விண்டோ’ என்று முடியும் ஒரு வரியைத் தேடிப்பிடித்து, அதிலிருக்கும் 3-ஐ 1 ஆக்க வேண்டும். புதிதாகத் திறக்க வேண்டியதெல்லாம் அப்புறம் இதே டேப்பில் திறக்கும். ஒரு லிங்க் எங்கே திறக்க வேண்டும் என்று சொல்வதற்கு இத்தனை சடங்கா? மற்ற பிரவுசர்களுக்கு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டவைக்கும் சின்ன புரோகிராம், போட்டுக்கொள் என்கிறார்கள். அவற்றில் பல, எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. ஊர் ஆதார் எண்களெல்லாம் புழங்கும் கம்ப்யூட்டரில் அதை எந்த தைரியத்தில் கொடுப்பது?

தளம் செய்தவரின் விருப்பத்தில் நாங்கள் தலையிடுவதில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாப்-அப் விளம்பரங்கள் கொட்டியபோது நீங்கள்தான் தடுத்தீர்கள். 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் வந்தபோது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்கூட திருந்தியது. புது டேப்பில் திறந்த பக்கம், தன்னைத் திறந்துவிட்ட பழைய டேப்பைப் பின்பக்கமாகவே போலித் தளத்துக்கு மாற்றிவிட முடியும் என்ற ஓட்டை இருந்தது. 2020-இல் பயர்பாக்ஸும் 2021-இல் குரோமும் அதைத் தாங்களாகவே அடைத்தன. எந்தத் தளத்துக்காரரிடமும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை, நல்லதுதான் செய்தீர்கள். வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 1999-இல் வந்த 4.01 பதிப்பின் கறாரான வடிவத்தில் இந்த ‘டார்கெட்’டே கிடையாது. எச்டிஎம்எல் 5-இல் திரும்ப உள்ளே விட்டார்கள். விட்டது விட்டாயிற்று, நீங்கள் ஒரு கடிவாளத்தையும் எங்கள் கையில் கொடுத்திருக்கலாம்.

கொடுப்பதற்கு உங்களுக்கு நேரம் இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டிலும் டேப்பின் மூலையை வளைக்கிறீர்கள், அடுத்ததில் நிமிர்த்துகிறீர்கள். நான் கேட்காத செய்திகளைப் புது டேப்பில் அடுக்குகிறீர்கள். செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு பட்டன் வைக்க இடம் கிடைத்துவிட்டது. தளத்துக்காரர்களோ ரைட் க்ளிக்கைப் பூட்டுகிறார்கள், வங்கிக் கணக்கு எண்ணை பேஸ்ட் செய்ய விடாமல் அத்தனை இலக்கத்தையும் இரண்டு முறை அடிக்க வைக்கிறார்கள், நான் மனிதன்தான் என்று நிரூபிக்க டிராஃபிக் விளக்கு இருக்கும் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். என் கடையில் ஒரு நாளைக்கு இருபது தடவை நிரூபிக்கிறேன்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

அமைப்புகள் பக்கத்தில், எல்லோருக்கும் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு வரி சேர்த்துத் தாருங்கள்: லிங்க்குகள் தளம் சொன்னபடி திறக்கட்டுமா, எப்போதும் இதே டேப்பிலா, எப்போதும் புது டேப்பிலா. தளத்துக்குத் தளம் மாற்றிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. பாதி நிரப்பிய படிவத்திலிருந்து கிளம்பும் லிங்க்கை மட்டுமாவது, வேறு ஏதும் சொல்லாதவரை, புது டேப்புக்கு அனுப்புங்கள். எங்கே திறப்பது என்பதை எங்களிடம் விடுங்கள் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. தயவுசெய்து பரிசீலியுங்கள்.

பதில் எழுதும்போது அதில் லிங்க் ஏதாவது வைத்தால், புது டேப்பில் திறக்கும்படி வைக்க வேண்டாம். வேண்டுமென்றால் கன்ட்ரோலை நானே அழுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிரவுசிங் சென்டர்காரர்