மகளுக்கு, உதவித்தொகை பற்றி

அன்பு மகளுக்கு,

விடுதியில் அறை கிடைத்ததைத் தம்பி சொன்னான். இன்னொன்றும் சொன்னான். அது என் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொள். இந்தக் கடிதம் உதவித்தொகை பற்றி மட்டும்தான்.

முதலில் வங்கிக் கணக்கு. பள்ளியில் திறந்த கணக்கில்தான் ஆதார் இருக்கிறதே என்று நீ விட்டுவிடுவாய். வங்கி தன் பதிவுக்கு ஆதார் எண்ணை வாங்கி வைப்பது வேறு, எந்த ஆதாருக்கு எந்த வங்கிக் கணக்கு என்று காட்டும் பட்டியலான என்பிசிஐ மேப்பிங்கில் ஏற்றுவது வேறு. அரசுப் பணம் மேப்பிங்கைப் பார்த்துத்தான் வரும். அதில் ஒரு சமயத்தில் ஒரு கணக்குதான் இருக்கும். கடைசியாக ஏற்றியது எதுவோ அதற்கே பணம் போகும். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிவிடும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி உண்டு, உள்ளே போனால் வங்கிப் பெயரைக் காட்டும். இன்றைக்கே பார்.

அடுத்தது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்புக்கில் இல்லவே இல்லை என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் வாங்கியிருந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டியிருக்கும். நீ அந்த ஒதுக்கீடு இல்லாமலே கலந்தாய்வில் வேளாண்மை வாங்கினாய். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். ஆனால் அதனாலேயே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான் உதவும், மெஸ் பில்லுக்கு உதவாது. பெரியப்பா மகன் டிகிரி முடித்தது அதற்குத் தடையில்லை. தாத்தா பாட்டி, அம்மா, நான், உடன்பிறந்தவர் ஆகியோரைத்தான் பார்ப்பார்கள். நலத்துறை உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்று தாசில்தார் சான்று வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், இரண்டாம் வருஷத்தில் மறந்துவிட்டுத் தவிக்கிறவர்கள்தான் அதிகம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த உனக்கு உரிமையாக வர வேண்டியது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கூடவே வரும். இதற்கெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் யுமிஸ் எண் (கல்லூரி மாணவர்களுக்கு அரசு இணையப் பதிவில் தரும் எண்) கேட்பார்கள். அது இல்லையென்றால் அங்கேயே நின்று வாங்கிக்கொள். கூச்சப்படாதே. கேட்கிற பிள்ளையை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக வங்கிக் கடன். 4 லட்சம் வரை நம் கைப்பணம் போடச் சொல்லக் கூடாது. 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. நான் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவேன், பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரியில் கட்டண விவரச் சான்று வாங்கும்போது முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வங்கியும் அவ்வளவுதான் ஒதுக்கும். நான்கு வருஷத்துக்கும் விடுதி, மெஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து எழுதித் தரச் சொல். கடைசி வருஷம் கிராமத்தில் தங்கிச் செய்கிற பயிற்சிக்கும், அகில இந்தியக் கல்விச் சுற்றுலாவுக்கும் ஆகிற செலவையும் சேர்க்கச் சொல். வேளாண்மைப் பிள்ளைகள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். படிக்கும்போதும் முடித்து ஒரு வருஷம் வரையும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் அந்தந்த வருஷத்துக்குத் தேவையானதை மட்டும் எடுப்போம். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள். வாய்ப்பேச்சை வைத்து மேலே முறையிட முடியாது.

மறைத்து எழுத எனக்கு வரவில்லை. தம்பி படிப்புக்குப் பணம் மிச்சமாகட்டும் என்று ஒரு வருஷம் வேலைக்குப் போவதாக அவனிடம் சொன்னாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? கலந்தாய்வில் வந்த இடம் உனக்காகக் காத்திருக்காது. புதுமைப்பெண்ணும் படிப்பு தொடர்ந்தால்தான் வரும். அவன் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கு உன்னுடையது இல்லை, கண்ணு.

வருமானச் சான்றுக்கு இசேவை மையத்தில் நான் மனுப் போடுகிறேன். உன் ஆதார் நகலையும் பாஸ்புக் முதல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. மேப்பிங்கில் எந்த வங்கி என்று வந்ததையும் சேர்த்து எழுது.

அப்பா