மனுஷர் தவறினாலும்

யாங்கோன்

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். நீயும் சிங்கப்பூரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

கட்டட நிதிக் கணக்கைப் பற்றிக் கேட்டதற்காகச் சபை மூப்பர்கள் உன்னை அதட்டி உட்காரவைத்தார்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "பிரசங்கிக்கிறவர்களே இப்படியிருந்தால், அவர்கள் காட்டிய தேவனை மட்டும் எப்படி நம்புவது?" என்று கேட்டிருக்கிறாய். ‘மனுஷரைப் பார்க்காதே, கர்த்தரைப் பார்’ என்று ஒரே வரியில் உன் வாயை அடைக்க எனக்கு மனமில்லை. தவறு செய்தவர்களே அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

வேதம் தன்னுடைய மனுஷரின் குறையை மூடிமறைப்பதில்லை. இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுரு, பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகும், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து, யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு அந்தியோகியாவில் விலகிக்கொண்டார். பவுல் அவரைப் பெரியவர் என்று விட்டுவிடாமல், எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். அதற்காகச் சுவிசேஷத்தையே பொய்யென்று தள்ளிவிடவும் இல்லை. நீ கணக்குக் கேட்டதும் அவிசுவாசமல்ல, மகளே.

பழைய திருச்சபையும் இதே கேள்வியில் இரண்டுபட்டது. 303இல் தொடங்கிய துன்புறுத்தலில் வேதப்பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்புக்கொடுத்தவர்களின் கையால் நடந்த ஆயர் அபிஷேகமும் ஞானஸ்நானமும் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் ஒரு சாரார் பிரிந்துபோனார்கள். ஞானஸ்நானம் கிறிஸ்துவினுடையது, கொடுக்கிற ஊழியனின் தகுதியால் அது நிற்பதுமில்லை, கெடுவதுமில்லை என்பதே அங்கே பிஷப்பாயிருந்த அகுஸ்தீனின் பதில். நான் பற்றிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

இந்தப் பர்மா தேசத்தில் வளர்ந்த உனக்கு அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரைத் தெரியும். ஆனால் அவரை வீரராக மட்டுமே ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1813 ஜூலையில் ரங்கூன் என்றிருந்த இதே யாங்கோனில் வந்திறங்கியவர், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். 1824இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும் உளவாளியென்று சந்தேகிக்கப்பட்டு, அன்றைய தலைநகரான ஆவாவின் சிறையில் விலங்கிடப்பட்டார். புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்பை அவருடைய மனைவி ஆன் பஞ்சுக்குள் வைத்துக் கடினமான ஒரு தலையணையாகத் தைத்துச் சிறைக்குள் கொடுத்தனுப்பினார். கைதிகளை வேறிடத்துக்கு இழுத்துப்போனபோது தூக்கியெறியப்பட்ட அந்தப் பஞ்சுப் பொதியை, உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமலே, ஒரு பர்மிய விசுவாசி எஜமானின் நினைவாக எடுத்து வைத்திருந்ததால் அது பிழைத்தது.

அதற்குப் பின் நடந்ததைத்தான் நீ அறியவேண்டும். 1826இல் ஆனும், அடுத்த ஆண்டில் அவர்களுடைய சிறு குழந்தையும் இறந்தார்கள். காட்டுக்குள் குடிசை போட்டு ஒதுங்கிய ஜட்சன், தனக்கே ஒரு குழி வெட்டி அதனருகே உட்கார்ந்திருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்ற பொருளில் 1829இல் எழுதினார். அப்படி உடைந்துபோனவரின் கையால் வேதாகம மொழிபெயர்ப்பு முழுவதும் 1834இல் முடிந்தது. உன் பர்மியச் சிநேகிதியோடு ஆராதனைக்குப் போனபோது நீ வாசித்தது அதைத்தான்.

அடுத்தவருடைய குறையைவிட, உன் விசுவாசம் ஆடிப்போனதே உன்னை அதிகம் வருத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே கதறுகிறான். அவனுடைய விசுவாசம் தேறட்டும் என்று இயேசு காத்திருக்கவில்லை. அந்தப் பிள்ளையை அப்பொழுதே சுகமாக்கினார். உனக்காக முழங்கால்படியிடும்போது நானும் அதே வார்த்தைகளைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சபைக்கே திரும்பிப் போ என்று நான் வற்புறுத்தமாட்டேன். மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன முறைப்படி முதலில் அந்த மூப்பர்களைத் தனியாகச் சந்தித்துக் கேள். செவிகொடுக்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் அசையாவிட்டால் சபைக்கூட்டத்தில் எழுத்தில் கொடு. அதுவரை ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாக இருந்துவிடாமல், வேறொரு தமிழ் ஆராதனைக்காவது போய் இராப்போஜனத்தில் பங்குகொள். நீ எழுதும் கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பு. அனுப்புமுன் காட்டினால் திருத்தித் தருகிறேன்.

அம்மா உனக்கு முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா