புகார் கடிதம்: 32 டிகிரி என்று காட்டும் உங்கள் ஹீட் மேட்டும், சாப்பாட்டை நிறுத்திவிட்ட எங்கள் கெக்கோவும்

அனுப்புநர்:
குன்னூர் வாடிக்கையாளர், நீலகிரி மாவட்டம்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில்லில் உள்ளன)

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: ஹீட் மேட், தெர்மோஸ்டாட் செட்டில் உள்ள வடிவமைப்புக் குறை, உங்கள் கஸ்டமர் கேர் சொன்ன ஆபத்தான ஆலோசனை – பணத்தைத் திருப்பித் தரவும், மற்ற வாடிக்கையாளர்களை எச்சரிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு உங்களிடம் ஹீட் மேட்டும் (கண்ணாடிக் கூண்டுக்கு அடியில் வைத்துச் சூடாக்கும் மின்விரிப்பு) தெர்மோஸ்டாட்டும் (அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) சேர்ந்த செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். எங்கள் வீட்டில் வளரும் ஆப்பிரிக்க ஃபேட் டெயில் கெக்கோ என்ற பல்லிக்காக வாங்கியது. பொருத்திய நாளிலிருந்து டிஸ்ப்ளே 32 டிகிரி என்று காட்டுகிறது. ஆனால் கெக்கோ படுக்கிற கூண்டுத் தரை இரவில் 22 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்தக் குளிரில் அது சாப்பாட்டை நிறுத்தி, உடம்பு வற்றி, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடும் நிலைக்கு வந்துவிட்டது. இதைப் போனில் சொன்னபோது உங்கள் ஆட்கள் கொடுத்த ஆலோசனைகளைக் கேட்டிருந்தால் இன்று அது உயிரோடு இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறேன்.

இந்தப் பிராணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பெட்டியின் மேலேயே அதன் படத்தைத்தான் அச்சடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் போனை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, எனவே சொல்லிவிடுகிறேன். இது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியைப் போல இதன் விரலில் ஒட்டும் பட்டைகள் கிடையாது, தரையிலேயே நடக்கும். கண்ணுக்கு இமை உண்டு, மூடித் தூங்கும். கொழுப்பை வாலில் சேர்த்து வைத்துக்கொள்ளும், அதனால் நன்றாக இருக்கிற கெக்கோவுக்கு வால் கொழுகொழுவென்று இருக்கும். மற்ற ஊர்வனவற்றைப் போல இதற்கும் உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். கூண்டின் சூடான பக்கத்தில் தரை 31, 32 டிகிரி இருந்தால்தான் தின்றது செரிக்கும். இல்லையென்றால் வயிற்றுக்குள் போன பூச்சி அப்படியே கிடந்து அழுகும். எங்கள் முத்து (அதன் பெயர்) பழைய மேட்டில் பல வருடம் குறையில்லாமல் சாப்பிட்டு வளர்ந்தது. அந்த மேட் தேய்ந்துபோனதால்தான் உங்களுடையதை வாங்கினோம். பெட்டியில் 'மலைப் பிரதேசங்களுக்கும் ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நாங்கள் உங்களைத் தேர்ந்தெடுத்ததே அந்த வரியைப் பார்த்துத்தான்.

மாற்றிய கொஞ்ச நாளிலேயே சுவர்க்கோழிகளைத் தொடாமல் விட்டது. அப்புறம் மிகவும் பிடித்த மீல் வார்ம் புழுவையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. எச்சத்தில் பூச்சியின் கால்களும் இறக்கையும் மட்டுமில்லாமல் உடம்பே செரிக்காமல் வந்தது. ஒரு நாள் இரவு, தின்ற கொஞ்சத்தையும் கக்கியிருந்தது. 61 கிராம் இருந்த எடை 47 கிராமாகிவிட்டது. வாலின் இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி, நடுவில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. மாலையில் விளக்கை அணைத்ததும் வெளியே வந்து சுற்றுகிற பிராணி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூலையில் கிடந்தது. என் மனைவி தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் கோயம்புத்தூரில்தான் கிடைத்தார். மேட்டுப்பாளையம் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு போனோம். மருத்துவர் எச்சத்தைப் பரிசோதித்தார், ஒட்டுண்ணி எதுவும் இல்லை. வாயில் புண் இல்லை. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும் நுரையீரல் தொற்றும் இல்லை. உடம்பில் நீர் வற்றியிருந்தது, குடலில் செரிக்காத உணவு தங்கியிருந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தரை எத்தனை டிகிரி?" நாங்கள் உங்கள் டிஸ்ப்ளேயின் போட்டோவைக் காட்டினோம். "இதை நம்ப வேண்டாம், வேறு கருவியால் தரையையே அளந்து பாருங்கள்" என்றார்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் (இலையைக் காயவைக்கும் இயந்திரம்) பார்க்கிறவன். வெப்பநிலை அளப்பது என் அன்றாட வேலை. ட்ரையருக்குள் போகிற காற்றை ஓரிடத்திலும் வெளியே வருகிற காற்றை இன்னோரிடத்திலும் அளப்போம். அடுப்பின் சூட்டை மட்டும் பார்த்துவிட்டு இலை காய்ந்துவிட்டது என்று தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் எந்த டீ மேக்கரும் சொல்ல மாட்டார். உங்கள் பொருள் அதைத்தான் சொல்கிறது. சென்சாரைத் தொழிற்சாலையிலேயே மேட்டுக்கு உள்ளே வைத்து ஒட்டிவிட்டீர்கள். தனியாக எடுத்துத் தரையில் வைக்க வழியே இல்லை. ஆக அது அளப்பது கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மேட்டின் சூட்டை. ஆனால் உங்கள் கையேடு, டிஸ்ப்ளேயில் தெரியும் எண் 'பிராணி படுக்கும் தரையின் வெப்பநிலை' என்கிறது.

தரை டைல்ஸ் மேல் தனி சென்சார் உள்ள தெர்மாமீட்டரை வைத்தும், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டராலும் அளந்தேன். இரண்டும் ஒன்றையே சொன்னன. இரவில் அறை 14 டிகிரி இருந்தபோது டிஸ்ப்ளே 32, தரை 22. வெயில் வந்த பகலில் அறை 20 ஆனபோதும் டிஸ்ப்ளே அதே 32, தரை 25. மேட் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடியும் டைல்ஸும் அந்தச் சூட்டை மேலே இருக்கிற குளிர்ந்த காற்றுக்கு விட்டுவிடுகின்றன. சென்சாருக்கு அது தெரியாது, 32 வந்ததும் கரண்டை நிறுத்திவிடுகிறது.

"சென்னையிலும் ஹைதராபாத்திலும் எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள், யாரும் இப்படிப் புகார் சொன்னதில்லை" என்று உங்கள் அலுவலர் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்ல மாட்டார்கள். அங்கே பெரும்பாலான நாள் அறையே 30 டிகிரி. மேட் 32, அறை 30 என்றால் நடுவில் இருக்கிற தரை கிட்டத்தட்ட 31 இருக்கும். அந்த ஊர்களில் உங்கள் தெர்மோஸ்டாட்டின் வேலையை வெயில் செய்துகொடுக்கிறது. குறை தெரிவது குன்னூரிலும் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும்தான். அதாவது எந்த ஊர்க்காரர்களைக் குறிவைத்து 'மலைப் பிரதேசங்களுக்கும் ஏற்றது' என்று அச்சடித்தீர்களோ, அவர்கள் வீட்டில்தான் இது வேலை செய்யவில்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வெயிலையே பார்க்க முடியாது. இதை ஒரு தடவையாவது குளிரான அறையில் வைத்துச் சோதித்தீர்களா என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் உங்கள் தெர்மோஸ்டாட் தானாக இயங்குவதில்லை, யாராவது பட்டனை அமுக்க வேண்டும். மழைக்காலத்தில் இங்கே கம்பி மேல் மரம் விழுவதும் நடுராத்திரியில் கரண்ட் போவதும் சாதாரணம். ராத்திரி போன கரண்ட் விடிவதற்குள் வந்துவிட்டாலும், நாங்கள் எழுந்து பார்க்கும்வரை மேட் அணைந்தேதான் கிடக்கிறது.

இனி உங்கள் கஸ்டமர் கேர். முதலில் பேசியவர் செட்டிங்கை உச்சத்துக்கு ஏற்றச் சொன்னார். உச்சம் 35. ஏற்றினோம், தரை 23 ஆனது. அவ்வளவுதான். அடுத்தவர் சொன்னது எனக்கு இன்றும் ஆறவில்லை. "சாப்பிடவில்லை என்றால் வாயைத் திறந்து சிரிஞ்சால் உள்ளே தள்ளுங்கள் சார்" என்றார். குளிர்ந்து கிடக்கும் பிராணிக்கு உணவைத் திணிக்கக் கூடாது என்பது ஊர்வன வளர்ப்பில் அரிச்சுவடி. செரிக்கிற சூடு இல்லாத வயிற்றில் போடுவது அங்கேயே கெட்டுப்போகும், மூச்சுக் குழாய்க்குள் போனாலும் ஆபத்து. மருத்துவர் எங்களுக்குச் சொன்ன வரிசை வேறு: முதலில் சூடு, அப்புறம் நீர், கடைசியில்தான் உணவு. உடம்பு சூடாகி ஒரு நாளாவது கழிய வேண்டும். வெதுவெதுப்பான நீரில் வயிறு மட்டும் நனையும்படி கொஞ்ச நேரம் விட வேண்டும். அதற்குப் பிறகு, மூக்கு நுனியில் ஒரு துளி கரைத்த உணவு, அதுவாக நக்கினால் மட்டும். இந்த விஷயம் தெரியாதவரைப் போனில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வளர்ந்த கெக்கோ மாசக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், பேசாமல் விடுங்கள்" என்றும் ஒருவர் சொன்னார். தோல் உரிக்கும் முன்பும், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கெக்கோக்களும் சாப்பாட்டைக் குறைப்பது உண்மைதான். அப்போது வால் பருமன் மாறாது, எடையும் பெரிதாக இறங்காது. வால் கரைந்துகொண்டே போகிறது, செரிக்காமல் வருகிறது, கக்குகிறது என்று நான் சொன்ன பிறகும் அதே வாக்கியத்தைப் படித்துக் காட்டுவது ஆலோசனை ஆகாது. கடைசியாகப் பேசியவர் சிரித்துவிட்டு, "ஒரு பல்லிக்கா சார் இவ்வளவு?" என்றார். ஊரில் யாராவது கேட்டால் நான் பொருட்படுத்த மாட்டேன். பல்லி வளர்ப்பவர்களிடம் பொருள் விற்றுச் சம்பாதிக்கும் நிறுவனம் கேட்கலாமா?

பொருளைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னதற்கு, திருப்பும் காலம் முடிந்துவிட்டது, வாரன்டியில் வேண்டுமானால் உங்கள் செலவில் கூரியர் செய்யுங்கள், சோதித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதுவரை அந்தப் பிராணிக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை.

இப்போது நாங்கள் வேறு ஏற்பாடு செய்துவிட்டோம். கூண்டின் மூன்று பக்கமும் தெர்மாகோல் ஒட்டி, மேலே வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டர் பல்ப் பொருத்தி, தனி தெர்மோஸ்டாட்டின் சென்சாரைத் தரை டைல்ஸ் மேலேயே வைத்திருக்கிறோம். பல்ப் காற்றை உலர்த்திவிடும் என்பதால் ஈரப் பாசி போட்ட சின்ன டப்பா ஒன்றும் உள்ளே இருக்கிறது. தரை 32 ஆனது. முத்து முதலில் கண்ணைத் திறந்தது, பிறகு நீர் நக்கியது. இப்போது சின்னப் புழுக்களை ஒன்றிரண்டாக எடுக்கிறது. எடை இறங்குவது நின்றிருக்கிறது, ஏறத் தொடங்கவில்லை. வால் பழையபடி ஆக மாதங்கள் பிடிக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

நான் கேட்பது இவை. செட்டின் முழு விலையையும், மருத்துவர் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், கோயம்புத்தூர் போய்வந்த செலவு ஆகியவற்றையும் திருப்பித் தர வேண்டும், எல்லாவற்றுக்கும் ரசீது இணைத்திருக்கிறேன். பொருளை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலும் விற்பனைப் பக்கத்திலும் 'மலைப் பிரதேசங்களுக்கும் ஏற்றது' என்ற வரியை உடனே நீக்குங்கள். எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு: இந்தச் செட்டை வாங்கிய ஒவ்வொருவருக்கும், டிஸ்ப்ளே காட்டுவது மேட்டின் சூடுதான், தரையின் சூடு இல்லை, தரையைத் தனியாக அளந்துகொள்ளுங்கள் என்று செய்தி அனுப்புங்கள். வாங்கியவர்களின் போன் எண்ணும் மெயிலும் உங்களிடம் இருக்கின்றன. தள்ளுபடி விளம்பரம் எனக்கு வாரம் தவறாமல் வருகிறது, இந்தச் செய்தியையும் அதே வழியில் அனுப்பலாம். கொடைக்கானலில் ஒரு வீட்டில் இன்றைக்கும் ஒரு கெக்கோ இந்த மேட்டின் மேல் சாப்பிடாமல் கிடக்கலாம். அந்த வீட்டுக்காரர்கள் டிஸ்ப்ளேயைப் பார்த்துவிட்டு, சூடு சரியாக இருக்கிறது, வேறு என்ன நோயோ என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி உங்கள் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். சரியான எச்சரிக்கையோ பயன்படுத்தும் முறையோ இல்லாமல் விற்ற பொருளால் நேரும் பாதிப்புக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அளவீடுகளின் போட்டோக்களும், உங்கள் ஆட்கள் அனுப்பிய மெயில்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

பதிலைத் தயவுசெய்து போனில் சொல்ல வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்

இணைப்பு: பில் நகல், மருத்துவரின் அறிக்கை, செலவு ரசீதுகள், டிஸ்ப்ளேயும் தரை தெர்மாமீட்டரும் ஒன்றாகத் தெரியும் போட்டோக்கள், பெட்டியின் மேலட்டைப் படம்.