பெட்டிக்குள் இருந்தவளின் கடிதம்

அன்பு மகனுக்கு,

நலம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது மூன்று நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. லண்டனில் கோவென்ட் கார்டன் சதுக்கத்தில் வட்டம் கட்டி வித்தை காட்டுவதை விட்டுவிடப் போகிறேன், இனி அறையிலேயே கேமராவை வைத்துச் சீட்டு வித்தைகளைப் படம் பிடித்துப் போடப் போகிறேன் என்றாய். தெருவில் மழை, குளிர், தொப்பியை நீட்டும் நேரத்தில் கலைந்துபோகும் கூட்டம். வீடியோவிலோ ஒரே இரவில் ஆயிரக்கணக்கானவர்கள். கணக்கு உன் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தொலைபேசியில் சொல்லத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பாவின் மாயாஜால மேடையில் பதினெட்டு ஆண்டுகள் நான் பெட்டிக்குள் இருந்தேன். சரிகைக் கோட்டும் தலைப்பாகையுமாக அவர் நிற்பது வங்காளத்து மாயாஜாலக்காரர் பி.சி. சர்க்காரைப் பார்த்து வந்தது. 1956 ஏப்ரலில் சர்க்கார் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை வட்ட ரம்பத்தால் அறுத்தார். அவள் எழுந்திருப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பெண் செத்துப்போனாள் என்று பயந்து ஜனங்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். இந்தக் கதையை அப்பா சொல்லும்போதெல்லாம் நான் அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொள்வேன். ஊரே பதறியது, படுத்திருந்தவள் ஒரு முகத்தையும் பார்த்திருக்க மாட்டாள். எனக்கும் அப்படித்தான். பெட்டிக்குள் மர வாசனை தெரியும், கைத்தட்டல் கேட்கும். யார் வியந்தார்கள், எந்தக் குழந்தை பயந்து அழுதது என்பது ஒருநாளும் தெரிந்ததில்லை.

நீ கல்லூரியில் படித்தபோது ஒரு குறுந்தகடு கொண்டுவந்து போட்டாயே, நினைவிருக்கிறதா? டேவிட் பிளெய்ன் 1997இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்த தெரு மாயாஜாலம். இருபத்து நான்கு வயதுப் பையன், சாதாரணச் சட்டை, கையில் ஒரு சீட்டுக்கட்டு. "இது மோடி மஸ்தான் வேலை" என்று அப்பா எழுந்து போய்விட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அந்தக் கேமரா வித்தைக்காரனை விட்டுவிட்டுப் பார்ப்பவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஒருவர் திகைத்து நிற்கிறார், ஒருத்தி வாயைப் பொத்திக்கொள்கிறாள், இன்னொருத்தி கத்திக்கொண்டு ஓடுகிறாள். பதினெட்டு ஆண்டுகள் எனக்கு மறைந்திருந்தது அதுதான். நான் அழுதேன். நீ சிரித்தாய்; உனக்குக் காரணம் தெரியாது.

உன் தலைமுறையை அந்த நிகழ்ச்சிதான் வளர்த்தது என்பதை நான் மறுக்கவில்லை. கோட்டும் பெட்டியும் லாரியும் இல்லாமல் வித்தைக்காரனாகலாம் என்று ஒரு சீட்டுக்கட்டு வாங்கக் காசுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அது சொன்னது. 2005இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிறிஸ் ஏஞ்சல் என்ற வித்தைக்காரர் வந்தார். 2011இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டிலிருந்து வந்த டைனமோ என்ற வித்தைக்காரர் தேம்ஸ் நதிமேல் நடந்து காட்டினார். முன்பு ஒரு குருவின் காலடியில் பத்து வருடம் கிடந்து கற்றதை நீங்கள் ஒவ்வொரு வித்தையாக இணையத்தில் விலைக்கு வாங்கிக் கற்றீர்கள். அறுபடுவதற்கு ஒரு பெண் வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. அதற்கு நான் மனமார நன்றி சொல்வேன்.

ஆனால் அதே நிகழ்ச்சியில் ஒரு தவறும் இருந்தது. பிளெய்ன் தரையிலிருந்து எழும்பிய காட்சியைச் சொல்கிறேன். நேரில் நின்றவர்கள் கண்டது சில அங்குல உயரம். அதுவே அருமையான வித்தை. தொலைக்காட்சியில் நமக்குக் காட்டியதோ வேறாக எடுத்துச் சேர்த்த, இன்னும் உயரமான காட்சி. அவர்களுடைய உண்மையான திகைப்பை அவர்கள் பார்க்காத ஒன்றுக்குச் சாட்சியாக ஒட்டிவிட்டார்கள். இதை நான் வித்தை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தம்பி, போன மாதம் நீ அனுப்பிய வீடியோவில் வியந்து நின்றவன் உன் அறைத்தோழன். அவனுக்குக் கண் விரிவதற்கு முன்பே வாய் திறந்துவிட்டது. உண்மையாக வியப்பவனுக்கு முதலில் ஒன்றுமே நடக்காது. ஒரு கணம் முகம் வெறுமையாகிவிடும். அந்த வெறுமையை நீ தெருவில் எத்தனை முறை பார்த்திருக்கிறாய்! அதை விட்டுவிட்டு இதற்கா போகிறாய்?

தொப்பி காலியாக இருக்கிறது என்றாய். அதற்கும் சொல்கிறேன். அப்பா நம்மை விட்டுப் போவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பேருந்து நிலையத்தின் ஓரத்தில் ஒரு வயதானவர் துணி விரித்திருந்தார். கிண்ணம் போன்ற மூன்று செப்பு, சில உருண்டைகள், மூடிய கூடை ஒன்று. செப்பிடு வித்தை என்று பழைய அகராதியில் இருப்பது இதைத்தான். நாம் செப்படி வித்தை என்கிறோம். முதலில் உடுக்கை அடித்துக்கொண்டு ஒரு சிறுவனிடம் மட்டும் பேசினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள் என்று அதட்டினார். கட்டிய கைகள் அவிழ்ந்தன, நின்றவர்கள் நகரவில்லை. கூடையில் பாம்பு இருக்கிறது, கீரியோடு சண்டைக்கு விடப் போகிறேன் என்றார், கடைசிவரை திறக்கவே இல்லை. மூன்றாவது செப்பைத் தூக்குவதற்கு முன்னால் துண்டை ஏந்திக் காசு கேட்டார். முன்னால், தம்பி! நீ எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தொப்பியை எடுக்கிறாய். ஆவல் தீர்ந்தவன் ஏன் நிற்கப் போகிறான்? கடைசியில் அந்தச் செப்புக்கு அடியிலிருந்து ஒரு கோழிக்குஞ்சு நடந்து வந்தது.

அப்பா அசையாமல் நின்று பார்த்தார். எங்கள் பேருந்து போய்விட்டது. நூறு ரூபாயைத் துணியில் வைத்துவிட்டு, "நான் மேடையில் ஏறி நின்று வித்தை காட்டினேன். இவரைச் சுற்றி நாலு பக்கமும் ஆள்" என்றார்.

இப்படிப்பட்டவர்களை நாம் பிச்சைக்காரர் கணக்கில் சேர்த்தோம். 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம் தெருவில் ஆடிப்பாடி வித்தை காட்டிக் காசு வாங்குவதையும் பிச்சை என்றே எழுதியது. டெல்லியில் அதன் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2018இல்தான் செல்லாதவை என்றது. அதற்கு முந்தைய ஆண்டு அதே டெல்லியில் வித்தைக்காரர்களும் பொம்மலாட்டக்காரர்களும் வாழ்ந்த கட்புத்லி காலனியை இடித்துவிட்டார்கள். நீ இருக்கும் லண்டனிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ரமோ சாமி என்ற இந்திய வித்தைக்காரர் புகழோடு இருந்து, 1850இல் வறுமையில் இறந்தார். நம் ராமசாமியைத்தான் அவர்கள் அப்படி எழுதிவைத்தார்களோ என்று எனக்குத் தோன்றும். இந்தப் புது வித்தை பிளெய்னிடமிருந்து மட்டும் உனக்கு வந்ததாக நினைத்துக்கொள்ளாதே.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் அப்பா கும்பகோணத்துக்குப் போய், பட்டறையில் சொல்லி மூன்று பித்தளைச் செப்புகள் செய்து வாங்கிவந்தார். அறுபத்தெட்டு வயதில் திண்ணையில் உட்கார்ந்து பழகினார். விரல்கள் நடுங்கின. உருண்டை நழுவி வாசலில் ஓடும், நான் எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் மாலை என்னை எதிரே உட்காரச் சொல்லி முழுவதையும் செய்து காட்டினார். கல்யாணமாகி முதல் முறையாக அவருடைய வித்தையை நான் வெளியிலிருந்து பார்த்தேன். கடைசிச் செப்பைத் தூக்கியபோது உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. எப்போது போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் செப்பைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுப் பெண் அடுத்த மாதம் லண்டனுக்கு வருகிறாள். செப்புகளை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நான்கு உருண்டைகளில் ஒன்று தொலைந்துவிட்டது, நீயே கம்பளி நூலில் ஒன்று சுற்றிக்கொள். ஒரு செப்பின் விளிம்பு நெளிந்திருக்கும். அது திண்ணையிலிருந்து விழுந்த நாளில் ஆனது, தட்டி நிமிர்த்திவிடாதே. பித்தளை குளிரில் கையைச் சுடும், அதனால் விரல் மூடாத கையுறை ஒரு ஜோடியும் பின்னி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா